ஒரே ரகம், ஒன்றுபோல் இல்லாத கொடிகள்: ஒயின் திராட்சையின் மரபு வேறுபாடு பற்றிய கேள்விகளும் பதில்களும்

பினோ நுவார், ஷார்டனே, டெம்ப்ரனியோ போன்ற ஒயின் திராட்சைகள் பல நூறு ஆண்டுகளாகக் குச்சி வெட்டி நட்டே பெருக்கப்பட்டு வருகின்றன. அப்படியானால் உலகெங்கும் நிற்கும் பினோ நுவார் கொடிகள் எல்லாம் ஒரே செடியின் நகல்கள்தானே என்று பலரும் கேட்கிறார்கள். பெருமளவு நகல்கள்தான். ஆனால் அந்த நகல்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகளை நம்பித்தான் இந்த ரகங்களின் எதிர்காலம் இருக்கிறது. அந்த வேறுபாடுகள் வேகமாகத் தொலைந்துகொண்டும் இருக்கின்றன.

திராட்சையை ஏன் விதை போட்டு வளர்ப்பதில்லை?

விதையில் முளைப்பது தாயைப் போல இருக்காது. திராட்சைக்கு 19 இணைக் குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு இணையிலும் தாய்வழி வந்த பிரதிக்கும் தந்தைவழி வந்த பிரதிக்கும் இடையே வேற்றுமை மிக அதிகம். விதை உருவாகும்போது இவை கலைந்து புதிதாகச் சேர்கின்றன. ஷார்டனேயின் ஒரு பழத்திலிருந்து எடுத்த விதைகளை நட்டால், முளைத்து வரும் எந்தச் செடியும் ஷார்டனே ஆகாது. ஷார்டனேயே அப்படிப் பிறந்ததுதான்: பினோவுக்கும், மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்ட குவே பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் நிகழ்ந்த கலப்பில் முளைத்த ஒரு விதை. காபர்னே சோவினியோனும் காபர்னே ஃப்ராங்குக்கும் சோவினியோன் பிளாங்குக்கும் பிறந்தது என்பதை 1997-இல் டி.என்.ஏ. ஆய்வு காட்டியது.

நல்ல கொடி ஒன்று கிடைத்துவிட்டால் அதை அப்படியே வைத்துக்கொள்ள ஒரே வழி, முருங்கைக் கிளையை ஒடித்து நடுவதுபோல அதன் குச்சியை நடுவதுதான். பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் பதியம் போடும் வழக்கமும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு, அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேர்ச்செடி மேல் ஒட்டுக்கட்டும் முறை நிலைபெற்றது. மேலே ஒட்டப்படும் பகுதி இன்றும் அதே பழைய கொடியின் தொடர்ச்சிதான்.

ஒரு ரகம் இப்படி எவ்வளவு காலம் தொடர முடியும்?

பிரான்சில் அகழாய்வுகளில் கிடைத்த 28 திராட்சை விதைகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். ஓர்லியான் நகரில் கிடைத்த, ஏறத்தாழ 900 ஆண்டுகள் பழமையான ஒரு விதையின் மரபு, இன்று பயிராகும் சவன்யான் பிளாங் ரகத்தோடு அப்படியே பொருந்தியது. சோழர்கள் தஞ்சையை ஆண்ட காலத்தில் பிரான்சில் நின்ற அந்தக் கொடியின் உடல், குச்சிக்குக் குச்சியாக இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

நகலுக்குள் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

செல் பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது. திராட்சையின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 50 கோடி எழுத்துகள் உண்டு. அவ்வளவையும் படியெடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழுகிறது. இதைத் திடீர்மாற்றம் என்கிறோம். வளரும் மொட்டுக்குள் உள்ள ஒரு செல்லில் பிழை விழுந்தால், அந்த மொட்டிலிருந்து வரும் கிளையின் ஒரு பகுதியோ முழுவதுமோ அதைச் சுமக்கும். அந்தக் கிளையில் வெட்டிய குச்சியும் சுமக்கும். அதன் வழிவந்த கொடிகளும் சுமக்கும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, ஒரே விதையில் தொடங்கிய ரகம் பல கிளைவழிகளாகப் பிரிந்துவிடுகிறது. இந்தக் கிளைவழிகளில் தனித்தெடுத்துப் பெருக்கப்படும் ஒவ்வொன்றையும் குளோன் என்று அழைக்கிறார்கள்.

எழுத்துப் பிழையைத் தவிர இன்னொன்றும் உண்டு. மரபுத்தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் இருக்கின்றன. அவை ஒரு மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்தால் அந்த மரபணு செயலற்றுப் போகலாம். கலிஃபோர்னியாவில் ஜின்ஃபண்டல் என்றும் இத்தாலியில் பிரிமிதிவோ என்றும் வழங்கும் ரகத்தின் 15 குளோன்களை ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலான மாற்றங்கள் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளிலும் தாவும் துண்டுகளிலுமே விழுந்திருந்தன. செடிக்குத் தீங்கு செய்யாத இடங்களில் விழும் மாற்றங்களே நெடுநாள் தங்குகின்றன என்பது இதனால் விளங்குகிறது.

பினோ நுவார், பினோ கிரி, பினோ பிளாங் மூன்றும் தனித்தனி ரகங்கள் இல்லையா?

சந்தையில் தனித்தனி. மரபுவழியில் மூன்றும் ஒரே பினோ. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

திராட்சைத் தோலின் கருநிறத்தை இயக்கும் மரபணுக்கள் இரண்டாவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. பினோ நுவாரில் இவற்றின் ஒரு பிரதி மட்டுமே வேலை செய்கிறது. மற்றப் பிரதி முன்பே கெட்டது. ஒரு தாவும் துண்டு அதன் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிரதி வேலை செய்தாலே நிறத்துக்குப் போதும் என்பதால் பழம் கறுக்கிறது. அந்த ஒற்றைப் பிரதியும் அறுந்து விழுந்த கொடியில் பழம் வெளுக்கிறது. அதுதான் பினோ பிளாங்.

பினோ கிரிக்கு விளக்கம் இன்னும் சுவையானது. திராட்சையின் வளர்நுனியில் செல்கள் இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. வெளியடுக்கு மேல்தோலை மட்டும் உருவாக்குகிறது. உள்ளடுக்கிலிருந்து மற்றவை எல்லாம் வருகின்றன, விதைக்குள் இருக்கும் கரு உட்பட. இரண்டு அடுக்குகளும் பெரும்பாலும் ஒன்றுடன் ஒன்று கலப்பதில்லை. பினோ கிரியில் வெளியடுக்கு கருநிற மரபணுவை இன்னும் வைத்திருக்கிறது, உள்ளடுக்கு இழந்துவிட்டது. அதனால்தான் அதன் தோல் கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஒரு கொடிக்குள் இரண்டு மரபுகள் ஒன்றை ஒன்று போர்த்திக்கொண்டு வாழ்கின்றன.

ஷாம்பெயின் தயாரிக்கப் பயன்படும் மூன்று முக்கியத் திராட்சைகளில் ஒன்றான மெனியேயும் பினோவின் வடிவமே. அதன் இளந்தளிரில் வெண்ணிற ரோமம் அடர்ந்திருக்கும். வெளியடுக்கில் மட்டும் விழுந்த ஒரு மாற்றமே இதற்குக் காரணம். ஜிப்பெரலின் என்ற வளர்ச்சி ஊக்கிக்குச் செடி செவிசாய்க்க உதவும் மரபணுவில் அது விழுந்திருக்கிறது. ஆய்வகத்தில் வெளியடுக்குச் செல்களை மட்டும் எடுத்துத் தனிச்செடியாக வளர்த்தபோது குள்ளமான கொடி வந்தது. அதில் பற்றுக்கம்பி வர வேண்டிய இடத்தில் பூங்கொத்து வந்தது. 2002-இல் வெளியான முடிவு இது. குள்ளக் கொடியைத் தன் தோலாக அணிந்துகொண்டு மெனியே எத்தனையோ தலைமுறைகளாக இயல்பான உயரத்தில் வளர்ந்து வருகிறது. திராட்சை ஆய்வில் எனக்கு இதைவிட வியப்பளித்த செய்தி இல்லை.

வெளியே தெரிவது நிறம் மட்டும்தான். உள்ளே வேறு ஏதாவது மாறியிருக்குமா?

இருக்கும். சில வேளைகளில் நிறம் வெறும் அறிகுறி. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில், முரில்யோ டே ரியோ லெசா என்ற ஊரில் 1988-ஆம் ஆண்டு கருநிற டெம்ப்ரனியோ கொடி ஒன்றின் ஒரேயொரு கிளையில் வெள்ளைக் குலைகள் தொங்கின. அந்தக் கிளையிலிருந்து வந்தவைதான் இன்றுள்ள டெம்ப்ரனியோ பிளாங்கோ கொடிகள் அனைத்தும். ஒரு மரபணு கெட்டிருக்கும், அவ்வளவுதான் என்று எண்ணத் தோன்றும். 2017-இல் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொன்னது. குரோமோசோம்கள் பல இடங்களில் நொறுங்கி, துண்டுகள் தாறுமாறாக மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குழப்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தலா ஒரு பிரதியை இழந்திருந்தன. நிற மரபணு அவற்றுள் ஒன்று.

இத்தனை இழந்தும் கொடி பிழைத்தது. மகரந்தத்தின் உயிர்ப்பும் காய்ப்பும் குறைந்தனவே தவிர, குச்சி வெட்டி நட அது தடையாக இல்லை. விதை வழியாக மட்டும் பெருகும் செடியாக இருந்தால் இப்படி ஒரு சேதம் ஓரிரு தலைமுறைகளில் மறைந்துபோயிருக்கும். மனிதன் குச்சி வெட்டி நடுவதால்தான் இயற்கை ஒதுக்கிவிடும் மாற்றங்கள்கூடத் திராட்சையில் நிலைத்திருக்கின்றன.

மணமும் இப்படி மாறுமா?

மாறும். மஸ்கட் திராட்சைகளின் நறுமணத்துக்கு ஒரு மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றம் காரணம். ஷார்டனேயில் மஸ்கட் மணம் வீசும் ஒரு குளோன் உண்டு. அதே மரபணுவில் வேறோர் இடத்தில் தனியாக விழுந்த மாற்றம் அதற்குக் காரணம். மேலே சொன்ன சவன்யானின் மணமுள்ள வடிவமான கெவுர்ஸ்ட்ராமினரிலும் அதே மரபணுதான் மாறியிருக்கிறது, மூன்றாவது ஓரிடத்தில்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் விளையும் பன்னீர் திராட்சையும் மஸ்கட் வழியில் வந்ததே. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம் அது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதுவும் குச்சி நட்டே தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதால் இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அடிப்படைகள் அதற்கும் பொருந்தும். விதையில்லாத் திராட்சையைப் பொறுத்தவரை, மகாராஷ்டிரத்தில் பரவலாகப் பயிராகும் தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா போன்றவை தாம்சன் சீட்லெஸ் ரகத்துக்குள் தோன்றிய மாற்று வடிவங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளால் விவசாயிக்கு என்ன பயன்?

நிறமாற்றம் பார்வைக்குப் பளிச்சென்று தெரியும், அரிதாகவே நிகழும். அன்றாடப் பயன் தருபவை அளவு சார்ந்த வேறுபாடுகள்: ஒரு கொடி எத்தனை கிலோ காய்க்கிறது, சர்க்கரை எப்போது ஏறுகிறது, அமிலம் எவ்வளவு தங்குகிறது, குலை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பினோ நுவாரின் குலையில் பழங்கள் இடைவெளியில்லாமல் நெருக்கிக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் உள்ளே ஈரம் காயாது. சாம்பல் பூஞ்சை பிடித்துக் குலையே அழுகிவிடும். சுவிட்சர்லாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மரியாஃபெல்ட் என்ற வகைக் குளோன்களில் குலை தளர்வாக இருக்கிறது, காற்று புகுகிறது, அழுகல் குறைகிறது. மருந்து தெளிக்கும் செலவு ஒரு குலையின் வடிவத்தால் குறைகிறது என்றால் அது பெரிய லாபம்.

குளோன் தேர்வு எப்போது தொடங்கியது?

ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதியில், எடென்கோபென் ஊரைச் சேர்ந்த குஸ்தாவ் அடால்ஃப் ஃப்ரோய்லிக் 1876-இல் சில்வானர் ரகத்தில் தொடங்கியதே முன்னோடி முயற்சி. ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்து, அதன் சந்ததியைத் தனியாக வளர்த்து, பல ஆண்டுகள் அளந்து பார்ப்பது அவருடைய முறை. பிரான்சில் 1962-இல் இதற்கென ஒரு தேசிய அமைப்பு உருவாகி, மத்தியதரைக் கடலோரத்தில் எஸ்பிகெத் என்ற மணற்பாங்கான இடத்தில் மூலக் கொடிகளைக் காக்கத் தொடங்கியது. மணலில் ஃபிலாக்சரா பிழைக்காது என்பதே அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் ரேமோன் பெர்னார் என்ற அதிகாரி இதற்காகப் பல்லாண்டு உழைத்தார். மோரே-சான்-தெனி கிராமத்தில் போன்சோ குடும்பத்தின் தோட்டத்திலிருந்து எடுத்த கொடிகளிலிருந்து பினோ நுவாரின் 113, 114, 115, 667, 777 போன்ற குளோன்கள் வந்தன. பின்னாளில் அமெரிக்காவில் இவை டிஜோன் குளோன்கள் என்ற பெயரில் புகழ்பெற்று உலகெங்கும் பரவின. இத்தனை கண்டங்களில் நடப்பட்ட கொடிகளுக்கு ஒரே தோட்டம் ஊற்றாக இருப்பது அந்தத் தோட்டக்காரர்களின் கண்ணுக்குப் பெருமை. அதுவே கவலைக்கும் காரணம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வைரஸுக்கும் குளோனுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. விதை வழியாகப் பெரும்பாலும் கடக்காத வைரஸ்கள், குச்சி வழியாக முழுமையாகக் கடத்தப்படுகின்றன. இலைச்சுருள் வைரஸ் தாக்கிய கருநிற ரகங்களில் அறுவடைக் காலத்தில் இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, விளிம்பு கீழ்நோக்கிச் சுருளும். பழம் தாமதமாகப் பழுக்கும். மாவுப்பூச்சி இதைக் கொடிக்குக் கொடி பரப்புகிறது. மண்ணில் வாழும் நூற்புழு விசிறியிலை வைரஸைப் பரப்புகிறது.

இதனால் ஒரு குழப்பம் நேர்கிறது. இரண்டு கொடிகள் வேறுபட்டு நடந்துகொண்டால் அது மரபின் வேறுபாடா, நோயின் விளைவா என்று பார்வையால் சொல்ல முடியாது. முற்காலத்தில் மேலான குளோன் என்று கொண்டாடப்பட்டவற்றில் சில, வெறுமனே நோயில்லாத கொடிகளாக இருந்திருக்கும். ஆகவே சுமார் 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாரக்கணக்கில் வளர்த்தும், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய வளர்நுனியை வெட்டி ஆய்வகத்தில் வளர்த்தும் வைரஸை நீக்குகிறார்கள். நுனியில் வைரஸ் எட்டாத செல்கள் இருக்கும் என்பது இதன் அடிப்படை.

டி.என்.ஏ. சோதனை செய்தால் எந்தக் குளோன் என்று தெரிந்துவிடாதா?

வழக்கமான சோதனையில் தெரியாது. ரகத்தை அடையாளம் காண மரபுத்தொகுதியில் சில இடங்களைப் பார்த்தாலே போதும். ஆஸ்திரேலியாவில் அல்பரீன்யோ என்று நம்பி நட்ட கொடிகள் உண்மையில் சவன்யான் என்பது அப்படித்தான் 2009-இல் உறுதியாயிற்று. ஆனால் ஒரே ரகத்தின் இரண்டு குளோன்கள் அந்த இடங்களில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறிய மரபுத்தொகுதி முழுவதையும் படிக்க வேண்டும்.

நல்ல குளோன் கையில் இருக்கும்போது அதை மட்டுமே நட்டால் என்ன?

இங்குதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கூடாது.

பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான திராட்சை அறுவடைத் தேதிகளை வரலாற்றாய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். 1988-க்குப் பின் அறுவடை, அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலான சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள் முன்னதாக வந்துவிட்டது. டிஜோன் குளோன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது குளிர் மிகுந்த ஆண்டுகளில். அப்போது விவசாயியின் கவலை பழம் பழுக்காமல் போய்விடுமோ என்பது. சீக்கிரம் பழுக்கும் கொடி, சர்க்கரை ஏறும் கொடி நல்ல கொடி. இன்று அதே குணம் பாரமாகிவிட்டது. சர்க்கரை முந்துகிறது, அமிலம் வீழ்கிறது, மணம் கூடி வருவதற்குள் அறுவடை செய்ய வேண்டியிருக்கிறது. அன்று ஒதுக்கப்பட்ட மந்தமான கொடிகள்தான் இன்று தேவைப்படுகின்றன.

ரகத்தையே மாற்றிவிடலாமே என்றால் அதற்குச் சட்டம் இடம் தராது. பர்கண்டியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்கள் பினோ நுவாரில்தான் செய்யப்பட வேண்டும். ஆகவே தகவமைய மீதமிருக்கும் இடம் அந்த ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடு மட்டுமே. ஒரே குளோனை நட்டவரிடம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

அப்படியானால் பழைய முறை எது?

தோட்டத்தில் நல்லவை என்று படும் பல கொடிகளிலிருந்து குச்சி எடுத்துக் கலந்து நடுவது. திரள் தேர்வு என்று சொல்லலாம். பர்கண்டியின் ரோமானே-கொந்தி தோட்டம் இதற்கு நல்ல சான்று. 1.8 ஹெக்டேர் மட்டுமே உள்ள அந்தத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டாத பழங்கொடிகள் 1945 வரை நின்றன. ஃபிலாக்சராவோடு போராடி மெலிந்த அவற்றை அந்த ஆண்டு பிடுங்கினார்கள். 1947-இல் மறுநடவு செய்தபோது, ரோமானே-கொந்தியின் வழிவந்த கொடிகள் நின்ற லா டாஷ் தோட்டத்திலிருந்து திரளாகக் குச்சி எடுத்தார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒயின் இல்லை. ஆறு ஆண்டு வருமானம் போனது, கொடிவழி காப்பாற்றப்பட்டது.

திரள் தேர்வுக்கும் குறை உண்டு. சோதிக்காமல் எடுத்தால் வைரஸும் கூடவே வரும்.

இரண்டின் நன்மையையும் சேர்த்துப் பெற வழி உண்டா?

போர்ச்சுகல் காட்டியிருக்கிறது. லிஸ்பனைச் சேர்ந்த அன்டேரோ மார்டின்ஸ் 1978-இல் தொடங்கிய பணி அது. ஒரு ரகம் பயிராகும் எல்லாப் பகுதிகளின் பழைய தோட்டங்களுக்கும் போய், ஒரு தோட்டத்தில் சில கொடிகள் என்ற கணக்கில் குச்சி சேகரிக்கிறார்கள். நல்ல கொடியா என்று பார்த்து எடுப்பதில்லை. ரகத்தின் முழுப் பரப்பும் கையில் வர வேண்டும் என்பதே நோக்கம். எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் பலமுறை திரும்பத் திரும்ப நட்டு, விளைச்சல், சர்க்கரை, அமிலம் ஆகியவற்றை ஆண்டாண்டாக அளக்கிறார்கள். மண்ணால் வந்த வேறுபாடு எவ்வளவு, மரபால் வந்தது எவ்வளவு என்று புள்ளியியல் பிரித்துச் சொல்கிறது. இறுதியில் விவசாயிக்குக் கொடுப்பது ஒரு குளோனை அல்ல, சிறந்த பல குளோன்கள் சேர்ந்த ஒரு குழுவை. 2009-இல் இதற்கென போர்விட் என்ற சங்கம் உருவானது. பெகோயெஷ் என்ற இடத்தில் அதன் காப்பகம் இருக்கிறது.

உபரியாக ஒரு வரலாற்றுப் பயனும் கிடைத்தது. ஒரு ரகம் எங்கே நெடுங்காலம் பயிராகியிருக்கிறதோ அங்கேதான் மாற்றங்கள் அதிகம் சேர்ந்திருக்கும். எனவே எந்தப் பகுதியில் உள்வேறுபாடு மிகுதியோ அதுவே அந்த ரகத்தின் தாயகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய தோட்டத்தைப் பிடுங்கப் போகிறவர் அதற்கு முன் என்ன செய்யலாம்?

ஓராண்டாவது தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். பூக்கும்போது, பழம் நிறம் மாறும்போது, அறுவடையின்போது என மூன்று முறையாவது வரிசை வரிசையாக நடந்து, மற்றவற்றிலிருந்து விலகித் தெரியும் கொடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள்: பிந்திப் பழுப்பவை, குலை தளர்ந்தவை, வெயிலில் வாடாதவை, நிறம் மாறிய ஒற்றைக் கிளை எதுவாக இருந்தாலும். அறுவடைக் காலத்தில் இலை சிவந்து சுருண்ட கொடிகளைத் தனியாகக் குறித்து வைரஸ் சோதனைக்கு அனுப்புங்கள். சிறந்தவற்றை மட்டும் எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சில கொடிகளையும் சேருங்கள், ஏனெனில் இருபது ஆண்டு கழித்து எது சிறந்தது என்று இன்று நமக்குத் தெரியாது. இலை உதிர்ந்து கொடி உறங்கும் குளிர்காலத்தில், கவாத்து செய்யும்போதே முதிர்ந்த குச்சிகளை வெட்டி, எந்தக் கொடியிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு கட்டிலும் எழுதி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வசந்தத்தில் ஒட்டுக்கட்டி, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள குறைந்தது இரண்டு இடங்களில் நடுங்கள். ஓரிடத்தில் மாவுப்பூச்சியோ நூற்புழுவோ புகுந்தாலும் மற்ற இடத்தில் கொடிவழி பிழைத்திருக்கும்.